வெட்டுவதற்கு மட்டும் ஒரு பேனா

கேள்வி: மேடம், எனக்கு வயது 38. பத்து மாதத்துக்கு முன் எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்து, சீலியாக் நோய் என்று உறுதி செய்தார்கள். அன்றே கோதுமையை விட்டேன். முதல் இரண்டு மாதம் புதுப் பிறவி எடுத்த மாதிரி இருந்தது. மூன்றாம் மாதம் பால் குடித்தால் வயிறு உப்ப ஆரம்பித்தது, நிறுத்தினேன். பிறகு வெங்காயம், பூண்டு, ஆப்பிள், பருப்பு, சோயா, முட்டை, தக்காளி என்று ஒவ்வொன்றாக ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. இப்போது நான் சாப்பிடுவது ஒன்பதே பொருள்கள். 58 கிலோ இருந்தவள் 51-க்கு வந்துவிட்டேன். தனியார் லேப் ஒன்றில் 90 உணவுகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தேன். 38 உணவுகள் சிவப்பில் வந்தன. பாலிலும் காபியிலும், கோதுமையில் இருக்கும் குளூட்டன் மாதிரியே ஒரு புரதம் இருப்பதாகத் தோழி சொல்கிறாள். வீட்டுக்காரரோ 'எல்லாம் உன் மனசுதான்' என்கிறார். என் வயிறு இனி எதையுமே ஏற்காதா? இன்னொன்று: என் 9 வயது மகளுக்கும் வந்துவிடக் கூடாதே என்று போன மாதத்திலிருந்து அவளுக்கும் கோதுமையை நிறுத்திவிட்டேன். சரிதானே? நான் நிறுத்திய பொருள்களின் பட்டியலைத் தேதியோடு இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைவிடப் பட்டியலைத்தான் அதிக நேரம் படித்தேன். அழகான கையெழுத்து. பொருளின் பெயர், நிறுத்திய தேதி, என்ன தொந்தரவு என்று மூன்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 22 பொருள்கள். நான்காவதாக ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும்: 'மறுபடி சாப்பிட்டுப் பார்த்த தேதி.' அது இல்லை. ஒரு பொருளை ஒருமுறை அடித்துவிட்டால் அதன் கதை முடிந்தது என்றே வைத்திருக்கிறீர்கள். உங்கள் பிரச்சினையில் பாதி அந்த இல்லாத கட்டத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. மீதிப் பாதி உங்கள் குடலில் இருக்கிறது. அது பெரும்பாலும் ஆறக்கூடியது.

ஆனால் பட்டியலுக்குப் போகும் முன் எடையைப் பேசியாக வேண்டும். 7 கிலோ இறங்கியிருக்கிறது. குளூட்டனை விட்ட சீலியாக் நோயாளிக்கு எடை ஏற வேண்டும், இறங்கக் கூடாது. ஒன்பது பொருளை மட்டும் சாப்பிட்டால் யாருக்கும் இறங்கத்தான் செய்யும் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனாலும் அதை நாமே முடிவு செய்துவிடக் கூடாது. இந்த வாரமே உங்கள் குடல் மருத்துவரைப் பாருங்கள். டிடிஜி என்ற எதிர்ப்புரதத்தின் அளவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நோய் கண்டபோது இருந்ததைவிட அது நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். கூடவே இரும்புச்சத்து, ஃபோலேட், பி12, வைட்டமின் டி, தைராய்டு. சீலியாக் உள்ளவர்களுக்குத் தைராய்டுக் கோளாறு சேர்ந்து வருவது சகஜம். கணையம் போதிய நொதி சுரக்காமல் இருப்பது, சிறுகுடலில் பாக்டீரியா அளவுமீறிப் பெருகியிருப்பது, பெருங்குடலில் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அழற்சி ஆகிய மூன்றும் உங்களைப் போன்றவர்களுக்கு 'எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை' என்ற வேஷத்தில் வரும். மூன்றுக்கும் மருந்து உண்டு. மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

சரி, இனி பட்டியல்.

முதல் வரி பால். இதில் உங்கள் சந்தேகம் நூற்றுக்கு நூறு நியாயமானது. சிறுகுடலின் உட்சுவர் குளியல் துண்டு மாதிரி இருக்கும். இழை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் குடல் உறிஞ்சிகள் என்கிறோம். சீலியாக் நோயில், குளூட்டன் உள்ளே போனால் உடலே தன் குடலைத் தாக்குகிறது; அந்த இழைகள் தேய்ந்து, துண்டு வெறும் துணி மாதிரி ஆகிவிடுகிறது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி அந்த இழைகளின் நுனிப் பகுதியில்தான் அதிகம் சுரக்கிறது. நுனி போனால் நொதியும் போகும். உடைபடாத லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு விருந்து, உங்களுக்கு உப்புசம்.

'அப்படியானால் கோதுமை சாப்பிட்ட காலத்தில் பால் ஏன் தொந்தரவு செய்யவில்லை?' என்று கேட்பீர்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் கேட்பது இதுதான். செய்திருக்கும், உங்களுக்குத் தனியாகத் தெரிந்திருக்காது. தினமும் வயிறு கலங்கிக் கிடந்தபோது எது எதனால் என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? கல்யாண வீட்டில் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்காது. எல்லோரும் போன பிறகு, நடுநிசியில், அதே கடிகாரம் தூங்க விடாது. குளூட்டன் போனதும் உங்கள் வயிற்றில் இரைச்சல் அடங்கியது. அடியில் இருந்தது கேட்க ஆரம்பித்தது. புதிதாக ஒரு நோய் வரவில்லை.

இழைகள் மறுபடி வளரும். எவ்வளவு நாளில் என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஆறும், பெரியவர்களுக்கு மெதுவாக. 2010-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், குளூட்டனை விட்டு 2 ஆண்டு ஆன பெரியவர்களில் 34 சதவீதம் பேருக்குத்தான் குடல் சுவர் ஆறியிருந்தது உறுதியானது. 5 ஆண்டில் அது 66 சதவீதம். உங்களுக்குப் பத்து மாதம்தான் ஆகிறது. கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர் மூன்றாம் வாரத்தில் 'என்னால் இனி ஓடவே முடியாதா?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஆகவே பாலுக்கு விடுப்பு கொடுங்கள், வேலையை விட்டு அனுப்பாதீர்கள். லாக்டோஸ் நீக்கிய பால் கிடைத்தால் அது போதும். பாலின் மற்ற சத்தெல்லாம் அப்படியே இருக்கும். தயிரில் உள்ள பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தானே செரித்துவிடுவதால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும். நாள்பட்ட கெட்டிச் சீஸில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. லாக்டேஸ் குறைவான பெரியவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ்வரை, அதாவது ஏறக்குறைய ஒரு கப் பால்வரை, பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்கிவிடுகிறார்கள். ஆறிக்கொண்டிருக்கும் குடலுக்கு அந்த அளவு இன்னும் குறைவாக இருக்கலாம். ஆனால் பூஜ்யமாக இருப்பது அபூர்வம். சீலியாக்கில் எலும்பு தேய்வது சாதாரணம் என்பதால் சுண்ணாம்புச் சத்து உள்ள இந்த ஒரு கதவை நிரந்தரமாகப் பூட்டுவதை நான் விரும்ப மாட்டேன். உலகத்தில் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு லாக்டேஸ் இயல்பிலேயே குறைந்துவிடுகிறது. நீங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் குடல் ஆறிய பிறகும் பாலை அளவோடுதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அது ஒரு வியாதி அல்ல.

அடுத்த நாலு வரிகள்: வெங்காயம், பூண்டு, ஆப்பிள், பருப்பு. உங்களுக்கு இவை நாலு எதிரிகள். எனக்கு இவை ஒரே குடும்பத்து ஆட்கள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் நொதிக்கும் சர்க்கரை வகைகள் இவற்றில் இருக்கின்றன. வெங்காயத்திலும் பூண்டிலும் ஃபிரக்டான், பருப்பிலும் கடலையிலும் கேலக்டோ ஒலிகோசாக்கரைடு, ஆப்பிளில் கூடுதல் ஃபிரக்டோஸும் சார்பிட்டாலும். இந்த வகையறாவுக்கெல்லாம் சேர்த்து ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் 2005-ல் வைத்த பெயர் ஃபாட்மேப். உங்கள் பாலில் உள்ள லாக்டோஸும் இதே பட்டியலில்தான் வருகிறது.

இவற்றுக்கும் குளூட்டனுக்கும் ஒரு வித்தியாசத்தை மனதில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். குளூட்டன் உங்கள் குடலைப் புண்ணாக்குகிறது. வலி தெரியாவிட்டாலும் புண்ணாக்குகிறது. வெங்காயம் உங்களுக்குக் கேஸ் உண்டாக்குகிறது, அவ்வளவுதான். வலிக்கும், சங்கடப்படுத்தும், ஆனால் ஒரு இழையைக்கூட அது தேய்ப்பதில்லை. குளூட்டனுக்கு 'துளிகூடக் கூடாது' என்பது சட்டம். அந்தச் சட்டத்தை எடுத்துப்போய் வெங்காயத்தின்மேல் போட்டதுதான் நீங்கள் செய்த பிழை. மருத்துவமனையில் யாரும் உங்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள். 'கோதுமை சாப்பிடாதீங்க' என்று ஒரே வரியில் அனுப்பியிருப்பார்கள்.

ஃபாட்மேப் விஷயத்தில் எல்லாமே அளவுதான், கூட்டல்தான். நாற்பது பேர் ஏறிய பஸ்ஸில் நாற்பத்தொன்றாவதாக ஏறுபவர்மீதுதான் எல்லோரும் எரிந்து விழுவார்கள். நெரிசல் அவரால் மட்டும் வந்ததல்ல. மதியம் பருப்பு, சாயங்காலம் ஆப்பிள், ராத்திரி வெங்காயம் என்றால் பழி வெங்காயத்துக்குப் போகும். காலி பஸ்ஸில் அதே வெங்காயம் ஏறினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சமையலில் இதற்குச் சில சின்ன வழிகள் உண்டு. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பூண்டுப் பற்களை எண்ணெயில் போட்டு மிதமாகச் சூடாக்கி, பூண்டு பொன்னிறமானதும் எடுத்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் சமையுங்கள். மணம் முழுக்க எண்ணெயில் இருக்கும். தொந்தரவு செய்யும் சரக்கு குப்பைத் தொட்டியில் இருக்கும். இப்படிச் செய்த எண்ணெயை அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். வெளியில் எடுத்து வைத்தால் கெட்ட கிருமி வளரும். வெங்காயத்தாளில் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடுங்கள். பருப்பையும் கடலையையும் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் வடித்துவிட்டுச் சாப்பிடுங்கள். கால் கப்பில் ஆரம்பிக்கலாம்.

இப்போது உங்கள் பட்டியலில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த இடம். 22 பொருளில் 11 பொருளை நீங்கள் அடித்தது ஒரே மாதத்தில். ஐந்தாம் மாதம். ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு இருக்கிறது: 'குளூட்டன் இல்லாத பிரெட், பிஸ்கட் கிடைத்தது. நன்றாக இருக்கிறது.' நீங்களே எழுதிவிட்டு மறந்துபோயிருப்பீர்கள்.

அந்த பாக்கெட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். குளூட்டன்தான் மாவைப் பிடித்து இழுத்து வைக்கும் பசை. அது இல்லாமல் பிரெட் சுட்டால் உதிர்ந்து போகும். அதனால் சாந்தன் கம், குவார் கம், சைலியம் எல்லாம் சேர்ப்பார்கள். நார்ச்சத்து குறைவு என்பதால் சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலின் சேர்ப்பார்கள். அது சுத்தமான ஃபிரக்டான். புரதத்துக்குச் சோயா மாவு, பால் பவுடர், முட்டை. பிஸ்கட்டில் 'சர்க்கரை சேர்க்காதது' என்று போட்டிருந்தால் சார்பிட்டாலோ, அதே வகையான மால்டிட்டாலோ இருக்கும். வெங்காயத்தை விட்டுவிட்டு, அதைவிடச் செறிவான அதே சரக்கை தினமும் காலையில் நாலு துண்டு சாப்பிட்டிருக்கிறீர்கள். அந்த மாதம் முழுக்க வயிறு பொருமியிருக்கும். அன்றன்றைக்கு வேறு என்ன சாப்பிட்டீர்களோ, அது ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறியிருக்கிறது. தக்காளி, முட்டை, கத்தரிக்காய், கீரை எல்லாம் வழியில் நின்றதற்காகக் கைதானவை.

பழி தவறான ஆள்மேல் விழுவது இந்த நோயின் சரித்திரத்திலேயே உண்டு. 1924-ல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவு என்று ஒரு பத்தியம் கொடுத்தார். பிரெட், மாவு எல்லாம் தடை, வாழைப்பழம் தாராளம். குழந்தைகள் தேறினார்கள். பெயர் வாழைப்பழத்துக்குப் போனது. குணமாகிவிட்டது என்று நம்பி மறுபடி பிரெட் கொடுத்தபோது நோய் திரும்பியது. கோதுமைதான் காரணம் என்று நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே ஆய்வேடாக எழுதியது 1950-ல். இடைப்பட்ட 26 ஆண்டுகள் பாராட்டு தவறான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் மாதத்தில் நீங்கள் தக்காளியைத் தண்டித்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் எல்லாவற்றையும் ஃபாட்மேப் தலையில் கட்டிவிடவும் நான் தயாரில்லை. குளூட்டனை விட்ட பிறகும் தொந்தரவு தொடர்ந்தால் அதற்கு மிகச் சாதாரணமான காரணம், குளூட்டன் எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டிருப்பதுதான். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், மூன்று மாதம் போனாலே குடல் சுவர் கெடுவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஒரு துண்டு சாதாரண பிரெட்டில் 2 கிராம் அளவுக்குக் குளூட்டன் இருக்கும். அதாவது அந்தத் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் அதில் ஒன்று. தட்டில் சிந்திக் கிடக்கும் தூள்.

சில வருஷம் முன்பு என்னிடம் வந்த ஒரு பெண்மணி உங்களைவிடக் கறாரானவர். தனிப் பாத்திரம், தனி எண்ணெய், தனி அலமாரி. ஆனாலும் டிடிஜி இறங்கவில்லை. வீட்டிலிருந்து சமையல் சாமான்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பதினாறாவது படத்தில் ஒரு சல்லடை இருந்தது. வீட்டில் மற்றவர்களுக்குக் கோதுமை மாவும், தனக்கு அரிசி மாவும் அதே சல்லடையில்தான் சலித்திருக்கிறார். கழுவித்தான் வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கம்பி வலையும் சட்டமும் சேரும் மடிப்பில் விரல் நகத்தால் கீறினால் வெள்ளையாக வரும். அவரும் அதுவரை கீறிப் பார்த்ததில்லை. அப்புறம் புதுச் சல்லடை வாங்கினார். ஆறு மாதத்தில் அளவு இறங்கியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். சல்லடை, மரக்கரண்டி, பிசையும் பலகை, டோஸ்டர், பொரித்த எண்ணெய், ஒரே ஜாடியில் எல்லோரும் கத்தி விடும் வெண்ணெய், சோயா சாஸ், பார்லி மால்ட் சேர்த்த பானம். சாதாரண ஓட்ஸும் இதில் சேரும், கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அது வந்திருக்கலாம். சுத்தமான ஓட்ஸ்கூடச் சிலருக்கு ஆகாது. தினமும் போடும் மாத்திரையில் என்ன ஸ்டார்ச் என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று இருந்தால் கோடெக்ஸ் உலகத் தரப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பொருள். வெறுமனே 'கோதுமை சேர்க்கப்படவில்லை' என்றால் பார்லியும் ரை என்ற தானியமும் இருக்க வாய்ப்புண்டு, அவற்றிலும் குளூட்டன் உண்டு.

அந்த 38 சிவப்பு உணவுகள். இதில் நான் மரியாதை பார்க்கப் போவதில்லை. அது ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புரதத்தைப் பார்க்கும் பரிசோதனை. ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கு உடல் போடும் வருகைப் பதிவு அது. ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அடையாளம் அல்ல. உணவு ஒத்துக்கொள்ளாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. உங்கள் ரிப்போர்ட்டே சாட்சி சொல்கிறது: அதில் அரிசியும் வாழைப்பழமும் சிவப்பில் இருக்கின்றன. இந்த இரண்டையும் நீங்கள் தினமும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறீர்கள்! அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்வேன். கொடுத்த காசை நினைத்தால் மனசு வராது என்றால் பீரோவுக்கு அடியில் வையுங்கள். தோழி சொன்ன பால், காபி கதைக்கும் இதே பதில்தான். பாலிலோ காபியிலோ உள்ள புரதத்தைச் சீலியாக் நோயாளியின் உடல் குளூட்டன் என்று நினைத்துக் குடலைத் தாக்குவதாக நம்பும்படியான ஆதாரம் எதுவும் இல்லை. காபி குடலை வேகமாக அசைக்கும். ஓடிப்போக வேண்டியிருந்தால் காரணம் அதுதான்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டலாம். 'எல்லாம் மனசு' என்பது தவறு. வலி நிஜம், உப்புசம் நிஜம், இடுப்பில் நாடா இறுகுவது நிஜம். ஆனால் பயத்துக்கு இதில் பங்கே இல்லை என்று உங்களிடம் சொன்னாலும் நான் பொய் சொன்னவளாவேன். 2013-ல் அதே மோனாஷ் குழுவினர் 37 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இவர்களுக்குச் சீலியாக் கிடையாது. குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பியவர்கள். முதலில் ஃபாட்மேப் குறைந்த உணவு கொடுத்தார்கள். எல்லோருக்கும் வயிறு தேறியது. பிறகு எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் அதிகக் குளூட்டன், கொஞ்சம் குளூட்டன், குளூட்டனே இல்லாதது என்று மூன்று விதமாகக் கொடுத்தார்கள். மூன்றிலும் தொந்தரவு ஒரே மாதிரி கூடியது. ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கும் குடல் சும்மா இருப்பதில்லை. பரீட்சை அன்று காலையில் பையனுக்கு வயிறு கலக்குவதை யாரும் நடிப்பு என்று சொல்வதில்லையே. குடலுக்கும் மூளைக்கும் நடுவே நரம்பு ஓடுகிறது. செய்தி இரண்டு பக்கமும் போகும்.

நீங்கள் ஒரு பொருளைக் கையில் எடுத்தாலே நெஞ்சு படபடக்கிறது, வெளியில் சாப்பிடக் கூப்பிட்டால் தவிர்க்கிறீர்கள், பட்டியல் குறைந்துகொண்டே போகிறது என்றால், உணவியல் ஆலோசகரோடு மனநல ஆலோசகரையும் பாருங்கள். பைத்தியம் என்பதற்காக அல்ல. ஒரு வருஷம் சாப்பாட்டைக் கண்டு பயந்து வாழ்ந்த யாருக்கும் அந்த உதவி தேவைப்படும்.

இனி வேலை. பரிசோதனைகள் முடிந்து, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, அடித்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப அழைக்கிறோம். முதலில் இரண்டு வாரம் அந்த பிரெட்டையும் பிஸ்கட்டையும் நிறுத்துங்கள். இனி எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன், இது ஒன்றுதான். வயிறு கொஞ்சம் அடங்கட்டும்.

பிறகு முட்டை. முட்டையில் லாக்டோஸ் இல்லை, ஃபிரக்டான் இல்லை, குளூட்டன் இல்லை. அது உங்கள் பட்டியலில் ஏன் இருக்கிறது என்பதே எனக்குப் புரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. முட்டை சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை அடைப்பு, மூச்சுத் திணறல் இவற்றில் ஏதாவது எப்போதாவது வந்திருந்தால் வீட்டில் தொடவே தொடாதீர்கள். அது நிஜமான ஒவ்வாமை. ஒவ்வாமை மருத்துவரிடம்தான் பார்க்க வேண்டும். இந்த நிபந்தனை நாம் திரும்ப அழைக்கும் எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். வெறும் வயிற்று உப்புசம் என்றுதான் உங்கள் கட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். முதல் நாள் அரை முட்டை. நன்றாக வேகவைத்தது, காலையில். மறுநாள் ஒன்று. மூன்றாம் நாள் இரண்டு. பிறகு மூன்று நாள் இடைவெளி. அந்த நாள்களில் பழைய ஒன்பது பொருள்கள் மட்டும். அதன் பிறகு அடுத்த ஆள்.

அடுத்த ஆள் தக்காளி. பிறகு கீரை, கத்தரிக்காய். இவை பெரும்பாலும் தேறிவிடும், உங்களுக்கும் நம்பிக்கை வரும். அதற்குப் பிறகு தயிர், இரண்டு கரண்டியிலிருந்து. பருப்பு, கால் கப்பிலிருந்து. வெங்காயமும் பூண்டும் கடைசி. கஷ்டமான கணக்கைப் பரீட்சையில் கடைசியாகப் போடுவது போல.

மாதவிடாய்க்கு முந்தின நாள்கள், ஆன்டிபயாடிக் சாப்பிடும் வாரம், தூங்காத இரவுக்கு மறுநாள், வீட்டில் சண்டை நடந்த நாள் இவற்றில் சோதனை வைக்காதீர்கள். அன்று எதைச் சாப்பிட்டாலும் தோற்கும்.

எது தோல்வி என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள், சாப்பிட்ட பிறகு அல்ல. கொஞ்சம் கேஸ், கொஞ்சம் இரைச்சல் தோல்வி அல்ல. மாதக் கணக்கில் பருப்பைப் பார்க்காத பெருங்குடலுக்குப் பருப்பைப் பழகவே சில நாள் பிடிக்கும். அன்றாட வேலை கெடும் அளவுக்கு வலி, வயிற்றுப்போக்கு, இரவில் தூங்க முடியாத உப்புசம் வந்தால் அந்தப் பொருளை நிறுத்துங்கள். அப்போதும் அடிக்காதீர்கள்; அதற்கு நேராக எட்டு வாரம் கழித்து ஒரு தேதி எழுதுங்கள். அதுதான் அந்த நான்காவது கட்டம். தோற்ற அளவையும் எழுதுங்கள். 'பருப்பு ஆகாது' என்று எழுத வேண்டாம், 'பருப்பு, முக்கால் கப்பில் ஆகவில்லை, கால் கப்பில் ஆயிற்று' என்று எழுதுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கை சாப்பாடு இருக்கிறது.

ஓர் இடைக்குறிப்பு. இதைப் படிக்கும் வேறு சிலர், எந்தப் பரிசோதனையும் செய்யாமல், வயிறு சரியில்லை என்று தாங்களாகவே கோதுமையை விட்டவர்களாக இருப்பீர்கள். உங்கள் கதை வேறாக இருக்கலாம். 2018-ல் நார்வேயில், தாங்களாகவே குளூட்டனை விட்ட, ஆனால் சீலியாக் இல்லை என்று உறுதியான 59 பேரிடம் செய்த ஆய்வில், குளூட்டனைவிடக் கோதுமையில் உள்ள ஃபிரக்டான்தான் அதிகத் தொந்தரவு கொடுத்தது. கோதுமையை விட்ட பிறகும் வெங்காயம் படுத்துகிறதே என்று குழம்பினால், முதலிலிருந்தே ஆள் ஃபிரக்டான் ஒருவர்தான் என்பது உங்களுக்கான விடையாக இருக்கக்கூடும். ஆனால் சீலியாக் இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் அந்த முடிவுக்கு வர முடியாது.

இது உங்கள் மகள் விஷயத்துக்கு என்னைக் கொண்டுவருகிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறீர்கள், ஆனால் சரியில்லை. தாய்க்குச் சீலியாக் இருந்தால் குழந்தைக்கும் இருக்கும் வாய்ப்பு பொதுவானவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பத்தில் ஒருவர்வரை என்கிறார்கள். அதனால் அவளைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். ஆனால் டிடிஜி பரிசோதனை குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடம்தான் உண்மை பேசும். நிறுத்திவிட்டால் எதிர்ப்புரதம் மெல்ல வடிந்துவிடும். நோய் இருந்தாலும் 'இல்லை' என்று வரும். மரபணுப் பரிசோதனை ஒன்றும் இருக்கிறது. அதற்குச் சாப்பாடு ஒரு பொருட்டல்ல. டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் அவளிடம் இல்லை என்று வந்தால் அவளுக்குச் சீலியாக் வருவதற்கு அநேகமாக வாய்ப்பே இல்லை, அத்தோடு விட்டுவிடலாம். இருக்கிறது என்று வந்தால் மட்டும் நோய் என்று பொருள் அல்ல. அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை.

குழந்தைகள் மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டு, அவளுக்குப் பழையபடி கோதுமையை ஆரம்பித்துவிடுங்கள். தினமும், ஒரு வேளைக்கு மேல், குறைந்தது ஆறு வாரம். அதன் பிறகு ரத்தம் எடுக்கட்டும். நடுவில் அவளுக்கு வயிற்று வலி, வயிற்றுப்போக்கு என்று ஏதாவது வந்தால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பரிசோதனையை முன்னால் நகர்த்துவார்.

ஆறு வாரத்துக்கு உங்கள் வீட்டில் மறுபடி கோதுமை மாவு புழங்கும். அவளுடைய பிரெட்டைத் தனி டப்பாவில் போட்டு, தனிக் கத்தி வைத்து, அலமாரியின் கடைசித் தட்டில் வையுங்கள். உங்கள் அரிசி மாவுக்குப் புதுச் சல்லடை ஒன்று வாங்கிவிடுங்கள்.